டேங்க் கிளீனர் மீனை ஏரியிலிருந்து சட்டிக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோடையில் வற்றிக்கொண்டிருக்கும் ஏரியில் வலை இழுக்கும்போது கரையில் நின்று பாருங்கள். முன்பெல்லாம் வலை கரையேறும்போது கெண்டையும் விராலும் துள்ளும். இப்போது பல ஏரிகளில் முதலில் கேட்பது ஒரு கரகர சத்தம். கறுத்த, சொரசொரப்பான, உடம்பெல்லாம் தகடு போர்த்திய மீன்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது. மீனவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் வீசுவார்கள். பிடுங்கும்போது முள் மாட்டி வலைக்கண்ணி அறுகிறது. விலைபோகாத மீனுக்காக ராத்திரி உட்கார்ந்து வலையை முடிய வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்குப் பெயர் டேங்க் கிளீனர். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் என்று வாங்கிப்போன அதே குட்டி மீன்தான். வளர்ந்தால் ஒன்றரை அடி தாண்டும். தொட்டியில் இடம் போதாதபோது யாரோ ஏரியில் விட்டார்கள். தொட்டியில் செய்த வேலையை அங்கேயும் செய்தது, கூடவே வேறு பல வேலைகளும் செய்தது.

இதைச் சாப்பிட முடியுமா? முடியும். ஆனால் எல்லா ஏரி மீனையும் சாப்பிடக் கூடாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கத்தியும் மசாலாவும் பின்னால் வருகின்றன, தண்ணீர் முதலில் வருகிறது.

இது ஏன் இவ்வளவு பெருகுகிறது

சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். அறிவியலில் டெரிகோப்ளிக்திஸ் என்ற பேரினம். உலகம் முழுக்க வண்ணமீன் வியாபாரம் வழியாகவே பரவியது. அமெரிக்காவின் புளோரிடா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, வங்கதேசம், இலங்கை, இந்தியா என்று வெப்பமான நாடுகள் பலவற்றில் இன்று இருக்கிறது.

தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் நம் மீன்கள் பலவும் செத்து மிதக்கும். இது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதன் இரைப்பையே நுரையீரல் போல வேலை செய்கிறது. அதனால் சாக்கடைத் தண்ணீரிலும் வாழும். கரையில் எறிந்தாலும் உடம்பு ஈரமாக இருக்கும்வரை மணிக்கணக்கில் சாகாது. கரையில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போனால், மழை வந்தால் திரும்பவும் ஏரிக்குள்தான் இருக்கும்.

அடுத்தது வளை. ஆண் மீன் கரைமண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கும் மேலே குடைந்து, உள்ளே முட்டையைக் காவல் காக்கும். வளைகள் பெருகப் பெருகக் கரை சரிகிறது. நம் ஏரிகள் பலவும் மண்கரை ஏரிகள் என்பதை நினைத்தால் எனக்கு இதுதான் பெரிய கவலை. இன்னொன்று பறவைகள். தகடும் விறைத்த முள்ளும் இருப்பதால் விழுங்கினால் தொண்டையில் சிக்கும். போர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இந்த மீனை விழுங்க முயன்று இறந்தது பதிவாகியிருக்கிறது.

மெக்சிகோவில் மிச்சோவாகான், குரேரோ மாநிலங்களின் எல்லையில் இன்ஃபியர்னியோ என்றொரு அணை. ஒரு காலத்தில் திலேப்பியா (நம் ஊர் ஜிலேபி) மீன்பிடிக்குப் பெயர்போன நீர்த்தேக்கம். இந்த மீன் புகுந்தபின் வலையில் திலேப்பியாவைவிட இதுவே அதிகம் விழ ஆரம்பித்து, மீனவர்களின் வருமானம் சரிந்தது. அங்கே இதற்கு ‘பிசாசு மீன்’ என்று பெயர். வங்கதேசம் 2023ல் இதை வளர்க்கவும் விற்கவும் தடை போட்டது.

பிறந்த ஊரில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்

பிறந்த ஊரில் இதையும் இதன் உறவு மீன்களையும் யாரும் பிசாசு என்று சொல்வதில்லை. அமேசான் பகுதியில் அகாரி, போடோ என்று பெயர். பிரேசிலின் மானௌஸ் நகரச் சந்தையில் உயிரோடு விற்கிறார்கள். தகட்டோடு அப்படியே தணலில் சுட்டு, உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் கறியைத் தின்பார்கள். சாந்தரேம் பக்கம் இன்னொரு வழக்கம்: வெந்த கறியை உதிர்த்து, மரவள்ளி மாவு வறுக்கும் தட்டையான அடுப்பில் போட்டு ஈரம் போக வறுத்து எடுத்தால் ‘பிராகுயி’. துப்பி மொழியில் பிரா என்றால் மீன், குயி என்றால் மாவு. நம் மாசிக்கருவாட்டுப் பொடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

தென் அமெரிக்காவிலேயே உள்ள கயானா நாட்டில் இதே போலத் தகடு போர்த்திய இன்னொரு கெளிறு உண்டு, ஹஸார் என்பார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தேங்காய்ப்பாலில் கறியாகச் சமைக்கிறார்கள். அந்தக் கப்பல்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். தகட்டை உரிக்காமலே கறிவைத்து, சாப்பிடும்போது விரலால் பிய்த்துப் போடுவது அங்கே வழக்கம். தகடு மீனுக்கு மசாலா ஒட்டாது என்று யாராவது சொன்னால் கயானாவைக் காட்டலாம்.

படி 1: தண்ணீரைப் பார்

இந்த மீன் அடிமண்ணைச் சுரண்டித் தின்பது. மண்ணில் ஈயமும் காட்மியமும் பாதரசமும் இருந்தால் மீனுக்குள்ளும் வரும். ஜகார்த்தாவின் சிலிவுங் ஆற்றில் பிடித்த மீன்களைச் சோதித்து, கன உலோகம் இருப்பதைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். அங்கே ரகசியமாக இந்தக் கறியைச் சிற்றுண்டிகளில் சேர்ப்பதுதான் பெரிய புகார். கன உலோகம் கொதிக்க வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. கிருமிக்குத்தான் அது பொருந்தும்.

அதனால் நகரத்துச் சாக்கடை கலக்கும் ஏரி, தோல் பதனிடும் ஆலை அல்லது சாயப்பட்டறைக் கழிவு வரும் ஆறு, குப்பைமேட்டை ஒட்டிய குளம், இவற்றில் பிடித்தது எதுவும் சட்டிக்குப் போகக் கூடாது. பிடியுங்கள், அழித்துவிடுங்கள், ஆனால் தின்ன வேண்டாம். கோழிக்கோ மீன் தீவனத்துக்கோ கொடுக்கவும் வேண்டாம். மழைத்தண்ணீரும் ஆற்றுப் பாசனமும் மட்டும் நிரப்புகிற கிராமத்து ஏரி என்றால் யோசிக்கலாம். அப்போதும் ஊராகச் சேர்ந்து செய்வதாக இருந்தால், முதல் பிடியில் நான்கைந்து மீனை அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மீனில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. முடிவு வரும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரியில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடமும் ஊராட்சியிடமும் பேசாமல் வலையோடு இறங்காதீர்கள். பேசினால் யாரும் மறுக்கப் போவதில்லை. வலையைக் கிழிக்கும் மீனை எடுத்துப் போகிறேன் என்றால் சந்தோஷப்படுவார்கள். பறவைகள் சரணாலயமாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

படி 2: சரியான மீன்தானா

குழப்பமே வராது. நம் நாட்டுக் கெளிறு, கெளுத்தி எதற்கும் தகடு கிடையாது. இதற்குத் தலையிலிருந்து வால்வரை வரிசை வரிசையாக எலும்புத்தகடு. வாய் கீழ்ப்பக்கம், வட்டமாக, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கிண்ணம் போல. முதுகுத்துடுப்பு பாய்மரம் மாதிரி விரியும், எண்ணினால் பத்தோ அதற்கு மேலோ கதிர்கள் இருக்கும். திருப்பிப் போட்டால் வயிற்றில் புழு நெளிந்த மாதிரி கோடுகளோ புள்ளிகளோ தெரியும்.

படி 3: பிடிப்பது

பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம்தான் நல்லது. மழைக்கு முன் எடுத்தால் சினை மீன்களையும் சேர்த்து எடுக்கலாம். கரையில் வளைகளும் அப்போதுதான் வெளியே தெரியும். வளைகளைக் குறித்துக்கொண்டு மண்ணடித்து இறுக்கிவிட்டால் கரைக்கும் நல்லது.

நரம்பு வலை வேண்டாம், இந்த மீன் ஒரே நாளில் நாசம் செய்துவிடும். தடித்த நூலில் பின்னிய இழுவலையும் வீச்சுவலையும் பரவாயில்லை. கையில் கனமான உறை போடுங்கள். மார்புத்துடுப்பின் முன்முள் ரம்பம் போல இருக்கும். மீன் அதை விரித்துப் பூட்டிக்கொண்டால் கண்ணியிலிருந்து எடுக்க இழுக்காதீர்கள், பின்னோக்கித் தள்ளிச் சாய்த்தால் விடும்.

வலையில் வரும் விரால், குரவை, நாட்டுக் கெளுத்தி, கெண்டைக் குஞ்சுகளை உடனே தண்ணீரில் விடுங்கள். மருந்து போடுவது, வெடி, கரண்ட் எதுவும் வேண்டாம். அவை நம் மீனையும் சேர்த்தே கொல்லும்.

படி 4: கொல்வது

ஒரு நாள் கரையில் கிடந்து துடித்துச் சாகிற மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. அதன் மேல் தப்பில்லை, யாரோ கொண்டுவந்து விட்டார்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டு மரத்துப் போனபின், தலையும் உடம்பும் சேரும் இடத்தில் தடித்த கத்தியை வைத்துக் கட்டையால் ஓங்கி ஒரு அடி. தண்டுவடம் அறுந்துவிட்டால் உடனே முடிந்தது. தலை ஓடு கெட்டி, அதன் மேல் அடித்தால் வேலைக்காகாது.

உயிரோடு வீட்டுக்கோ சந்தைக்கோ எடுத்துப் போகாதீர்கள். வழியில் தப்பிக்கும் ஒரு ஜோடி அடுத்த குளத்துக்குப் போதும்.

படி 5: சுத்தம் செய்வது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிடுகிறார்கள். செதில் உரசுகிற மாதிரி அரிவாள்மனையில் தேய்த்தால் அரிவாள்மனைதான் மழுங்கும். வயிற்றுப்பக்கம்தான் வழி. அங்கே தகடு சிறியது, மெல்லியது.

மீனை மல்லாக்கப் போட்டு, மலத்துவாரத்திலிருந்து தொண்டைவரை கனமான கத்தரிக்கோலால் மேலோட்டமாகக் கத்தரியுங்கள். ஆழமாகப் போகாதீர்கள். திறந்ததும் கண்ணில் படுவது குடல்தான்: கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக, கறுத்து, மண் நிறைந்து கிடக்கும். பாசி தின்னும் மீன் என்பதால் அவ்வளவு நீளம். உடையாமல் மொத்தமாக எடுத்துவிட்டால் பாதி சேற்று வாடை அப்போதே போய்விடும். உடைந்தால் நாலு முறை கழுவினாலும் விடாது. ஈரல், சிறுநீரகம், செவுள், சினை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈயமும் காட்மியமும் தசையைவிட உறுப்புகளில்தான் அதிகம் சேரும்.

தலையை வெட்டி எடுங்கள், துடுப்பு முள்களை நறுக்குங்கள். இனி இரண்டு வழி.

கறி துண்டாக வேண்டுமென்றால், வெட்டிய கழுத்துப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் தகட்டுக்கு அடியில் கத்தியை நுழைத்து, ஓட்டைத் தூக்கித் தூக்கி வால்வரை கொண்டுபோங்கள். ஓடு ஒரு சட்டை மாதிரி வரும். நல்ல சதை வாலை ஒட்டிய பாகத்தில்தான், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீளமாக. சின்ன முள் அதிகம் இருக்காது.

மீனை உதிர்த்து வதக்கும் புட்டுக்கு என்றால் உரிக்கவே வேண்டாம். கடுஞ்சூடான தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து வழவழப்பை எடுத்துவிட்டு அப்படியே வேகவைக்கலாம்.

ஒரு கிலோ மீனுக்குக் கால் கிலோ கறி தேறினால் நல்லது. மீதி ஓடும் தலையும்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள், இல்லையென்றால் முதல் நாளே சோர்ந்துவிடுவீர்கள்.

படி 6: சேற்று வாடை

குளத்து மீனில் வரும் மண்வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை விழுந்ததும் மண்ணில் கிளம்புவதும் அதே வாசனைதான். புளிப்பு பட்டால் அது சிதையும். குளத்து மீனைப் புளி கரைத்த தண்ணீரில் அலசிவிட்டுக் குழம்பு வைத்த நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, வேலை தெரியும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, கெட்டிப் புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள்.

படி 7: புட்டு

சுறாப்புட்டு செய்யத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை. கறி வெள்ளையாக, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். குழம்பில் போட்டால் பரவாயில்லை என்ற அளவுதான், புட்டில்தான் இது ஜொலிக்கிறது.

சுத்தம் செய்த மீன் நாலைந்தைத் தகட்டோடு பெரிய பாத்திரத்தில் போடுங்கள். மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு புளி. கொதி வந்தபின் பதினைந்து நிமிஷம். வெந்தால் வயிற்றுப்பக்கம் ஓடு தானாக விலகித் தெரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆறவையுங்கள். ஓட்டைப் பிரித்துக் கறியை எடுத்து, விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டே தகட்டுத் துணுக்கு ஏதாவது மாட்டுகிறதா என்று பாருங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் சாப்பிடுபவர் அப்புறம் இந்த மீனைத் தொட மாட்டார்.

அரை கிலோ உதிர்த்த கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு விரல் நீள இஞ்சி, ஐந்து பச்சைமிளகாய், எல்லாம் பொடியாக நறுக்கியது. வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக. கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இஞ்சி பூண்டு, அப்புறம் வெங்காயமும் மிளகாயும் போட்டு வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். கறியைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். கால் ஸ்பூன் மஞ்சள், ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், தேவையான உப்பு. கிளறக் கிளற முதலில் ஈரமாகச் சேரும், பத்து நிமிஷத்தில் பிரிந்து புட்டுப் புட்டாக உதிரும். வாணலியின் ஓரத்தில் லேசாகச் சிவந்து ஒட்ட ஆரம்பிக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல், கொத்தமல்லி, இறக்கியபின் அரை எலுமிச்சை. ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பிரமாதம்.

மிஞ்சிய கறியை, தாளிப்பு இல்லாமல் உப்பு மட்டும் போட்டு இரும்புச்சட்டியில் சிறுதீயில் ஈரம் சுத்தமாகப் போகும்வரை வறுத்தால் பிராகுயி மாதிரி பொடி கிடைக்கும். உருளைக்கிழங்கோடு பிசைந்து வடை தட்டலாம். அமேசானிலும் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 8: மிச்சம்

முக்கால் பங்கு கழிவு என்பதால் இதற்கும் திட்டம் வேண்டும். தலையையும் ஓட்டையும் கரையில் விடாதீர்கள், பறவையும் நாயும் முள்ளோடு விழுங்கும். சுத்தமான தண்ணீர் மீனாக இருந்தால் மீன் அமிலம் போடலாம்: நறுக்கிய கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை, மூடிபோட்ட வாளியில் நிழலில் இருபத்தொரு நாள், தேன் நிறத்துக்கு வந்தபின் வடித்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். தகடு கரையாது, வடிகட்டிப் புதைத்துவிடுங்கள். மாசுபட்ட ஏரி மீனாக இருந்தால் முழுதாகவே ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதுதான் சரி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில்.

படி 9: விற்கும்போது

இது எனக்கு மிக முக்கியமான படி. ஜிலேபி மீன் 1952ல் வெளியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. எழுபது வருஷமாகத் தின்கிறோம், குறைந்ததா? இல்லை, ருசி பழகியபின் நாமே குளத்துக்குக் குளம் விட்டோம். ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்தபின்னும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள், காரணம் வாங்க ஆள் இருக்கிறது. டேங்க் கிளீனருக்கும் நல்ல விலை வந்தால் யாராவது குட்டை வெட்டி வளர்க்கத் தொடங்குவார்கள்.

அதனால் சுய உதவிக் குழுவோ மீனவர் சங்கமோ இதில் இறங்கினால் சில கட்டுப்பாடுகளை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உயிர்மீன் வாங்குவதில்லை. எந்த ஏரியில் என்றைக்குப் பிடித்தது என்று தெரியாத மீன் வாங்குவதில்லை. புட்டாகவோ பொடியாகவோ விற்கிறோம், பெயரை மறைப்பதில்லை. ஒரு ஏரியில் மீன் அற்றுப்போனால் அந்த வேலை அங்கே முடிந்தது, அடுத்த ஏரிக்குப் போகிறோம். கூலியை மீன் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், வலை இழுத்த நாளுக்குக் கொடுங்கள். எண்ணிக்கைக்குக் காசு என்றால் சினை மீனைத் திரும்ப விட்டுவரவே ஆசை வரும்.

படி 10: நோட்டுப் புத்தகம்

சாப்பிடுவதால் மட்டும் ஒரு ஏரியிலிருந்து இதை முற்றாக ஒழிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். குறைக்க முடியும், குறைந்ததா என்று பார்க்கவும் முடியும். ஒவ்வொரு முறையும் நாள், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், அதில் ஒரு ஜாண் அளவுக்குக் கீழே எத்தனை, சினையோடு எத்தனை, நாட்டு மீன் எத்தனை என்று எழுதுங்கள். அதே வலை, அதே உழைப்பில் இரண்டாம் வருஷம் குஞ்சுகள் குறைந்து, கெண்டையும் குரவையும் கூடினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பெரிய மீன் மட்டும் குறைந்து குஞ்சு கூடினால், வளைகளைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் டேங்க் கிளீனர் பெரிதாகிவிட்டதா? வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். சென்னை கொளத்தூரில் வரிசையாக வண்ணமீன் கடைகள் இருக்கின்றன, ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர் வாங்கலாம். யாருமே வாங்கவில்லையா? பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஏரிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.